சரோஜாவுக்குக் கொடைக்கானலைக் காட்டினேன்

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கொடைரோடு ரயில் நிலையத்தில் இறங்கினோம். 1961, மே மாதம். அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஐம்பது மைல். பஸ்ஸுக்குத் தலைக்கு மூன்று ரூபாய். தூத்துக்குடியிலிருந்து வந்த எனக்கும் என் மனைவி சரோஜாவுக்கும் முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

சகுனம் பார்க்கக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் நான் கொடைக்கானலில் ஒரு விடுதியில் குமாஸ்தாவாக இருந்தவன். மதுரையில் இருக்கும் அந்த விடுதி முதலாளி இப்போது மேனேஜராக வரச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். மலைமேலேயே நாயுடுபுரத்தில் வீடும் தருகிறாராம். செவ்வாய்க்கிழமைக்குள் பதில் வேண்டும். எனக்கோ உயிரே அந்த மலைமேல்தான். சரோஜா கடற்கரையில் பிறந்தவள். மீனும் உப்புக்காற்றும் இல்லாத இடத்தை அவள் ஊர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஆக, மூன்று நாளில் அவளை மயக்கியாக வேண்டும்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வாயைத் திறந்தவன் மூடவில்லை. "அடுத்த வளைவுல ஒரு காப்பிக்கடை வரும் பாரு. அந்த மாதிரிக் காப்பி நீ குடிச்சிருக்கவே மாட்டே." வளைவு வந்தது, கடை வரவில்லை. "அதுக்கு அடுத்த வளைவா இருக்கும்" என்றேன்.

டிரைவர் திரும்பாமலே சொன்னார்: "சார், அந்தக் கடை போயி ஆறு வருசமாச்சுங்க. மழையில சரிஞ்சு கீழ கெடக்கு. வேணும்னா எட்டிப் பாருங்க."

சரோஜா எட்டிப் பார்த்தாள். அத்தனை ஆழத்தைப் பார்த்ததும் வாந்தி எடுத்தாள். அப்புறம் வெள்ளி அருவி வருகிறவரை அவளுக்கு எதையும் காட்டவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஊர். நேரே ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் நிறுத்தினேன். மஞ்சு விலகிக்கொண்டிருந்தது. தண்ணீரில் படகுகள், கரையில் குதிரைகள், சில்லென்று காற்று. "எப்படி?" என்றேன்.

"இந்தக் குளத்தப் பாக்கதுக்கா அம்பது மைல் ஏறி வந்தோம்?" என்றாள் சரோஜா.

சனிக்கிழமை நாயுடுபுரம் வீட்டைப் பார்த்தோம். தகரக் கூரை, கணப்பு, பின்னால் இரண்டு பேரிக்காய் மரம். குழாயைத் திறந்து கையை நீட்டினாள்; நெருப்பைத் தொட்டவள் போல் இழுத்துக்கொண்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். கடைசி அஸ்திரமாக வெள்ளகவி கிராமத்துக்குப் புறப்பட்டோம். ஐந்து மைல் கீழே, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. வண்டி வாகனம் கிடையாது. அங்கே என் பழைய சிநேகிதன் கருப்பையா இருக்கிறான். மட்டக்குதிரையில் பூண்டும் ஆரஞ்சும் ஏற்றி விடுதிக்குக் கொண்டுவந்து தருவான். அவன் வீட்டு உபசாரத்தில் சரோஜா மசிந்துவிடுவாள் என்பது என் திட்டம்.

திட்டத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. இதே பாதையில் ஒரு சாயங்காலம் காட்டுமாட்டை எதிர்கொண்டு, கண்ணுக்குக் கண் முறைத்தே விரட்டியவன் நான் என்று தூத்துக்குடியில் எட்டு வருஷமாகச் சொல்லி வருகிறேன். நடந்தது வேறு என்பது கருப்பையாவுக்குத் தெரியும். ஆனால் அவன் வாயில்லாப் பூச்சி. அந்தத் தைரியத்தில், மாடு நின்ற இடத்தைக்கூட வழியில் காட்டினேன்.

"போன திருப்பத்துலயும் இங்கதான்னு சொன்னீங்க" என்றாள்.

வெள்ளகவியில் ஊர் முழுக்கக் கோயில். எல்லைக்குள் யாரும் காலில் செருப்பு போடக்கூடாது. ஊர்க்காரர்களும் சரி, விருந்தாளிகளும் சரி. சரோஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்களைக் கண்டு ஓடிவந்த கருப்பையாவின் மனைவி மொக்கையம்மா, அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் எல்லைப் பாறையில் உட்கார்ந்து பூட்ஸில் கை வைத்தேன். இந்தப் பயணத்துக்கென்றே மதுரையில் பதினெட்டு ரூபாய்க்கு வாங்கியது. இறக்கத்தில் கழன்றுவிடக் கூடாதென்று ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டிருந்தேன். மஞ்சில் ஊறிய கயிறு இறுகிக் கல்லாகிவிட்டது. நகம்தான் பிய்ந்தது.

"அறுத்துருவமா சார்? அருவா கெடக்கு" என்றான் கருப்பையா.

"புதுசுய்யா! அஞ்சு மைல் திரும்ப ஏறணுமே."

அந்த வழியாக வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு கை பார்த்தார்கள். ஒருவர் முள்ளால் நெம்பினார். "ஏலே, அப்படி இழுக்காத, இன்னும் இறுகுது" என்று இன்னொருவர் அவரைத் தள்ளிவிட்டு, தானும் இறுக்கினார். "வெரசா அவுத்துட்டு வாங்க சார், சோறு ஆறுது" என்று ஒருவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டார். தீண்டக் கூடாதவன் மாதிரி அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் ஒரு பெண், பிறகு நாலைந்து பேர். கடைசியில் சரோஜா. அந்தச் சிரிப்புக்கு நடுவே "குதிர" என்ற சொல் தெளிவாகக் கேட்டது. எனக்குக் குப்பென்று வியர்த்தது. புருஷன்தான் வாயில்லாப் பூச்சி. பெண்சாதியை மறந்து தொலைத்தேனே!

"கருப்பையா, எடுய்யா அருவாள!"

வெறுங்காலோடு ஓடினேன். மொக்கையம்மா நடுவீட்டில் நின்று, தூணைக் கட்டிப் பிடித்தபடி என்னை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"மரத்த விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டாரும்மா! இவரு 'மாடு, மாடு'ங்கிறாரு. எங்க வீட்டுக்காரரு 'சார், அது நம்ம குதிரைங்க'ங்கிறாரு. மஞ்சுக்குள்ள நின்ன மட்டக்குதிர! குளிரு தாங்காம விடுதி வேலைய விட்டுட்டு, இந்தப் பாதையில சொந்த ஊருக்கு ஓடப் பாத்தவரும்மா. அழுத அழுக! பெறகு அந்தக் குதிர மேலயே உக்காத்திவச்சு, பூண்டு மூடையோட மூடையா மேல கொண்டுபோயி விட்டோம்."

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தாள். மானம் போயிற்று. பூண்டுக் குழம்பை அவள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

திரும்பும்போது பூட்ஸைக் கற்றாழை நாரால் கட்டிக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஏறினேன். அவள் முன்னால் போய்ப் போய் எனக்காகக் காத்து நின்றாள். மேலே வந்ததும் நானே சொன்னேன்: "சரி, முடியாதுன்னு எழுதிப் போட்டுடறேன்."

"எதுக்கு? வாறோம்னு எழுதுங்க."

"மீன்?"

"கருவாடு கட்டிக் கொண்டாந்துக்கிடலாம்."

"குளிர்?"

"உங்களுக்குத்தான் தாங்காது. எனக்கு என்ன?"

"பின்ன எப்படி மனசு மாறுச்சு?"

"தூத்துக்குடியில நீங்க சொல்லுத கதைக்கெல்லாம் எட்டு வருசமா நான் ஒருத்தியே 'உம்' கொட்டிக்கிட்டு இருக்கேன். ஒண்ணு நெசமா பொய்யான்னு கேக்க ஒரு ஆளு கெடையாது. இங்க சாட்சி இருக்குல்லா!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அன்றைக்கே கடிதம் எழுதித் தபாலில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை இறங்கும் பஸ்ஸில் ஏறினோம். எங்கள் ஊரில் கடலைப் பார்த்து என்ன சொன்னாலும் மறுபேச்சு வராது. அந்த வசதியை விட்டுவிட்டுத்தான் இங்கே குடிவரப் போகிறேன். பக்கத்து ஸீட் பெரியவர், "கொடைக்கானல் ரொம்பப் பழக்கமோ?" என்று கேட்டார். ஆசையாக வாயைத் திறந்தேன். ஜன்னல் பக்கம் இருந்த சரோஜா, முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, கன்னத்தில் கை வைத்து, கேட்கத் தயாராக உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் பழக்கம்" என்றேன்.