கிளெண்டா பேர் வைத்த பேட்டரிகள்

இங்கிலாந்தில் எங்கள் ஊரான ஆக்ரிங்டனில், சிகரெட்டுக்குப் பதில் இழுக்கிற மின்சிகரெட்டான வேப் விற்கும் கிளெண்டா டக்ஸ்பரியின் கடைக்குப் போய், பேட்டரி வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தவர் ஒருவரும் கிடையாது. "ஒரு பேட்டரி குடு" என்று கேட்டால் "முதல்ல உன் வேப்பை எடு" என்பாள். அதை வாங்கி அடிமூடியைத் திறந்து, நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் கண்ணாடியை இறக்கிப் பார்ப்பாள். ஒரு பேட்டரி போடுவதா, இரண்டு போடுவதா? எத்தனை வாட்டில் வைத்து இழுக்கிறாய்? எங்கே சார்ஜ் போடுகிறாய், கட்டில்மேலா, சமையலறையிலா? வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள்.

"உள்ள எவ்வளவு பிடிக்கும்னு எல்லாரும் கேக்குறீங்க. எவ்வளவு கரண்டைத் தாங்கிக் குடுக்கும்னு ஒருத்தராவது கேக்குறீங்களா?" என்பாள். "உன் வேப் ஒரே இழுப்புல மடக்கு மடக்குன்னு குடிக்குது. அதுக்கு ஈடு குடுக்க முடியாத பேட்டரி சூடாகும். சூடாகுறது உன் மூஞ்சிக்கு நேரா, கண்ணு. என் மூஞ்சிக்கு நேரா இல்ல."

எல்லாரும் அவளுக்குக் கண்ணுதான். தொண்ணூறு வயதுக்காரரும் கண்ணு, வரி கேட்டு வருகிற அதிகாரியும் கண்ணு.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேட்டரி போடுகிற வேப்புக்கு, ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரி பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து வைத்து, கடைசிவரை பிரிக்காமல் பயன்படுத்த வேண்டும். சார்ஜும் சேர்த்தேதான் போட வேண்டும். அதைக் கல்யாணம் என்றே எல்லாக் கடைக்காரர்களும் சொல்வார்கள். அவர்கள் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். கிளெண்டா கறுப்பு மை பேனாவை எடுத்து பேட்டரியின் பிளாஸ்டிக் உறைமேல் பேரே எழுதிவிடுவாள். ஹெர்பர்ட், ஐவி. சிட்னி, மேபல். எல்லாம் அந்தக் காலத்துப் பேர்களாகத்தான் இருக்கும். என் ஜோடிக்கு வில்ஃப், எட்னா.

"ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணையும் கொண்டாந்து குடுத்துட்டுப் புது ஜோடி வாங்கிக்க. வெக்கப்படாத, திட்ட மாட்டேன். ஆனா எட்னாவை எவனோ ஊர் பேர் தெரியாதவனோட சேத்து வச்சா, அவன் சீக்கிரம் தீந்து போவான், இவ அவனை இழுத்துக்கிட்டு ஓடுவா. ரெண்டும் நாசம்."

பேட்டரி பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தொரு வருடம் ஒரு கிடங்கில், சரக்குத் தூக்கும் வண்டிகளின் பேட்டரிகளுக்கு சார்ஜ் போடும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. அமிலம் தெறித்த தழும்பு இடது மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது. கிடங்கை மூடிய வருடம்தான் அவள் கணவர் ரான் நுரையீரல் போய் இறந்தார். ஒரு நாளைக்கு நாற்பது சிகரெட். "ரெண்டு வருசம் முன்னாடி இந்தச் சனியன் கைக்கு வந்திருந்தா அவரைப் பிடிச்சு நிறுத்தியிருப்பேன்" என்று தன் வேப்பைக் காட்டிச் சொல்வாள். வேலை போனதற்குக் கொடுத்த பணத்தைப் போட்டு 2013இல் கடை திறந்தாள். சிகரெட்டை விட்டவர்கள் தங்கள் கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் பின்னால் இருந்த அலமாரி முழுக்க அந்தப் பெட்டிகள்தான். என்னுடையது மூன்றாவது தட்டில், ஜன்னல் கண்ணாடி போடும் டெஸ்ஸின் பெட்டிக்குப் பக்கத்தில்.

நான் நெவில் ஹாஸ்லம். பஸ் ஓட்டுகிறேன். முப்பத்தொரு வருடம் புகைத்துவிட்டு விட்டவன். விட்டதற்குக் காரணம் என் மனவுறுதி இல்லை, கிளெண்டா. அதனால்தான் நான் செய்ததைச் சொல்ல வாய் கூசுகிறது.

2017 ஏப்ரலில் வில்ஃபைத் தொலைத்துவிட்டேன். பஸ்ஸில் தேடினேன், வீட்டில் தேடினேன், கிடைக்கவில்லை. உடனே கிளெண்டாவிடம் போயிருக்க வேண்டும். ஆனால் பிப்ரவரியில்தான் வில்ஃபின் உறை கிழிந்துபோய், அவள் பழைய உறையை உரித்து, மின்சாரம் கசியாதபடி மேல்முனையில் வெள்ளை வளையம் வைத்து, பச்சை உறை மாட்டிச் சூடு காட்டிச் சுருக்கி, மறுபடி பேர் எழுதிக் கொடுத்திருந்தாள். பத்து நிமிடம் அந்த ஒரு பேட்டரிக்காகக் குனிந்து வேலை பார்த்தாள். அதைத் தொலைத்துவிட்டேன் என்று போய் நிற்க வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்து விற்பார்களே, அந்தச் சந்தைக்கு என் மனைவி பாலினோடு பூத்தொட்டி வாங்கப் போனவன், ஒருத்தன் டிக்கியில் பேட்டரி கிடந்ததைப் பார்த்தேன். உறையில், உள்ளே பிடிக்கும் அளவு 9900 என்று கொட்டை எழுத்து.

அந்த எண்ணைப் பற்றி கிளெண்டா நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "இத்துனூண்டு உடம்புக்குள்ள மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல எவனாலயும் அடைக்க முடியாது. 9900னு போட்டிருந்தா அவன் பேட்டரி விக்கல, எண்ணு விக்கிறான்." இதையே நான் பஸ் டிப்போவில் மற்றவர்களிடம் என் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் வாங்கினேன்.

எட்னாவுக்கு முன்பே அது தீர்ந்துவிடும். அதனால் அதை மட்டும் தனியாக சார்ஜ் போடுவேன். கிளெண்டா கடைக்கு வேப்பில் ஊற்றும் திரவம் வாங்கப் போகும்போது வேப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவேன், திறந்து பார்த்துவிடுவாளே என்று. ஐந்து மாதம் இப்படி ஓட்டினேன். செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, சார்ஜரிலிருந்து எடுத்த அந்தப் பேட்டரியை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில் போடச் சோம்பல்பட்டுக் கால்சட்டைப் பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு போட்டேன். டிப்போவில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது சீறல் கேட்டது. என் தொடையிலிருந்துதான் கேட்கிறது என்று புரிவதற்குள் நெருப்பு.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் போன் செய்தார். "பேட்டரியெல்லாம் எங்க வாங்குவீங்க?" என்று கேட்டார். "எப்பவும் கிளெண்டா கடையிலதான்" என்றேன். அது பொய் இல்லை. அந்தப் பேட்டரியை எங்கே வாங்கினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் முதல் பக்கத்தில் என் கருகிய கால்சட்டைப் படம் வந்தது. கீழே கடையின் பேர்.

பொய் சொன்னது அதற்கு அடுத்த வாரம். கிளெண்டா வீட்டுக்கு வந்தாள், ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட பாத்திரம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு. காலைப் பார்த்தாள். பத்திரிகை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எது நெவில்? எட்னாவா, வில்ஃபா?"

பாலின் பக்கத்தில் நின்றாள். "வில்ஃப்" என்றேன்.

கிளெண்டாவின் முகம் வெளுத்துப் போனது. "நான் உறை மாத்தினது" என்றாள். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வளையம் சரியா உக்காரல போலிருக்கு. அவசரப்பட்டுட்டேனோ என்னவோ. மன்னிச்சிரு கண்ணு." பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவள் கொண்டுவந்ததை நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, அக்டோபர் கடைசியில் வேலைக்குத் திரும்பினேன். குளிர் வந்துவிட்டதால் தடிமனான சீருடைக் கோட்டை வெளியே எடுத்திருந்தேன். பஸ் கிளெண்டா கடையைத் தாண்டும்போது அதன் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். "சனிக்கிழமையோடு கடை மூடப்படுகிறது. அதற்குமுன் எல்லாரும் பேட்டரிகளைக் கொண்டுவந்து காட்டவும். நான் உறை மாற்றியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடவும்."

அடுத்த நிறுத்தத்தில் டெஸ் ஏறினான். ஏறுவதற்கு முன்பு வாயிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்தான். சிகரெட்.

"என்னடா இது?" என்றேன்.

"வாங்க டிரைவர் சார், தொடை எப்படி இருக்கு? நல்லா முறுகலா வந்துச்சா?" சிரித்தான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "என் வீட்டுக்காரி அந்த வேப்பைத் தூக்கிக் குப்பைல போட்டுட்டா. கிளெண்டா கடைப் பேட்டரியே வெடிக்குதுன்னா எதை நம்புறதுங்குறா. பதினாலு மாசம் ஒண்ணுகூடத் தொடாம இருந்தேன் நெவில்."

"கிளெண்டா என்ன சொன்னா?"

"என் பெட்டியை அலமாரியிலேருந்து எடுத்துத் திருப்பிக் குடுத்தா. தப்பு என்னுதுன்னு சொன்னா. அழுவா போல இருந்துச்சு, நான் ஓடி வந்துட்டேன்."

கடைசி நிறுத்தம் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில். பத்து நிமிட இடைவேளை. குளிருக்குக் கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டேன். பாக்கெட்டின் அடியில் ஓட்டை. விரல் உள்ளே போய், உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில் உருளையாக எதிலோ பட்டது. நெருடி நெருடி மேலே கொண்டுவந்தேன். பச்சை உறை. அதன்மேல் கிளெண்டாவின் சாய்ந்த கையெழுத்தில் வில்ஃப்.

பாலத்தின்மேல் நின்றேன். கீழே கால்வாய். போட்டுவிட்டால் முடிந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. போடலாமா என்று ஒருமுறை நினைக்கவில்லை, பலமுறை நினைத்தேன். கையைக்கூட நீட்டினேன். என்னைத் தடுத்தது நல்ல குணமெல்லாம் இல்லை. அந்த வெள்ளை வளையம் எவ்வளவு நேராக உட்கார்ந்திருந்தது என்று பார்த்துவிட்டேன். அதுதான். கையை மடக்கிக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். அலமாரி பாதி காலி. அவள் அட்டைப்பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வில்ஃபை மேசைமேல் வைத்தேன்.

கிளெண்டா கண்ணாடியை இறக்கினாள். எடுத்தாள். நகத்தால் உறையின் விளிம்பைச் சுற்றிலும் தடவினாள். வெள்ளை வளையத்தைப் பார்த்தாள். சார்ஜரின் ஒரு குழியில் வைத்தாள். திரையில் எண் வந்தது.

"உயிரோட இருக்கான்" என்றாள். பிறகு அட்டைப்பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதாள். ரானின் அடக்கத்தில்கூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உறைல என்ன எண்ணு போட்டிருந்துச்சு?"

"9900."

சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பு கிடையாது.

"மூணு வாரம், நெவில். மூணு வாரமா இந்தக் கையைப் பாத்துக்கிட்டிருக்கேன். இது ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாக்கூட நம்ப முடியல எனக்கு. நீ அங்க உக்காந்து என் சாப்பாட்டைத் தின்னுக்கிட்டிருந்திருக்க." போனை என் பக்கம் தள்ளினாள். "பத்திரிகைக்குப் பேசு. என் முன்னாடி."

பேசினேன். இருபத்துமூன்றாம் பக்கத்தில், புல்வெட்டும் இயந்திர விளம்பரத்துக்குக் கீழே நாலு வரி போட்டார்கள். டெஸ்ஸிடம் நானே போய்ச் சொன்னேன். அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி" என்று மட்டும் சொன்னான். கண்ணாடியில் இருந்த தாளை கிளெண்டா சனிக்கிழமை கிழித்துப் போட்டாள். கடை இன்றும் நடக்கிறது. டெஸ் இன்னும் புகைக்கிறான்.

ஆனால் வில்ஃபைக் கொண்டுபோன அன்றைக்கு இன்னும் ஒன்று நடந்தது. எட்னாவையும் எடுத்து வைக்கச் சொன்னாள். "இவ அஞ்சு மாசம் அவன்கூட ஓடிக் களைச்சிட்டா. திரும்ப வில்ஃபோட சேக்க முடியாது" என்று இரண்டையும் பழைய பேட்டரி வாளியில் போட்டாள். பிறகு புதிதாக இரண்டை எடுத்து, என் வேப்பைத் திறந்து பார்த்து, எத்தனை வாட் என்று கேட்டு, இரண்டையும் சார்ஜரில் வைத்துச் சோதித்து, பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு என் முன்னால் வைத்தாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை.

கறுப்பு மை பேனா பக்கத்திலேயே கிடந்தது. நான் நகராமல் நின்றேன்.

"பேரு?" என்றேன்.

"நீயே வச்சுக்க."

"நீதான எப்பவும் வைப்ப."

"எழுதுறது வில்ஃபுன்னாலும் எட்னான்னாலும் அது என் பேருதான் கண்ணு. ஒரு தடவை உன் பாக்கெட்ல போட்டுப் பாத்துட்டேன். போதும்."

இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரிகளைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அவள் உறையைத் தடவிப் பார்க்கிறாள், சார்ஜரில் வைத்து எண்ணைப் பார்க்கிறாள், பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். நான் பேனாவைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை அவளும் பார்க்கிறாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "அடுத்து யாரு கண்ணு?" என்கிறாள்.