செல்வி வீட்டு மணிப்புறா

இன்று காலை, கண்டியில் நான் துவைத்துப் போட்ட சட்டையின் மேல் ஒரு காய்ந்த குச்சி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், மேல்மாடி வீட்டு விளக்கில் ஒரு மணிப்புறா. கழுத்தில் கறுப்பின் மேல் வெள்ளைப் பொட்டு வைத்த அதே சால்வை. நாவலப்பிட்டிக்கு மேலே, இப்போது இடித்துவிட்ட எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் அறை வரிசையில், அது எப்போதும் பக்கத்துக் காம்பராச் செல்வியின் வாசல் விளக்கில்தான் கூடு கட்டும். கீழிருந்தே முட்டை தெரிகிற நாலு குச்சிக் கூடு, ஆனாலும் புறா குடியேறிய வீட்டுக்கு நல்லது வரும் என்று அவர்கள் அந்த விளக்கைக்கூடப் போடாமல் இருட்டில் நடமாடுவார்கள், எனக்கு வயிறு எரியும்.

"ஒங்க வீட்டுக்கெல்லாம் வராதுடி, ஒரே சத்தம்," என்பாள் செல்வி.

அம்மாவையும் தம்பியையும் மெதுவாகப் பேசச் சொல்லிவிட்டு, எங்கள் வாசலில் தேங்காய்ச் சிரட்டை கட்டி, விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்துப் போட்டுக் காத்திருந்தேன். தலையை ஆட்டி ஆட்டி முற்றத்தில் நடந்து வந்த புறா, சிரட்டையில் ஏறி, நல்ல குச்சியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு செல்வி வீட்டுக்குப் பறந்தது.

இப்போது நான் தனியாள். வீட்டில் சத்தமே இல்லை. விழுந்த குச்சியை என் ஜன்னலில் வைத்தேன். புறா இறங்கி வந்து, அதை எடுத்துக்கொண்டு மேலே போனது.