வெறும் தண்ணீர் ஊசி

அறுபதுகளின் கடைசியில் பிள்ளையார்பாளையத்து டாக்டர் ஒருவரிடம் நான் கம்பவுண்டராக இருந்தேன். தினமும் சாயங்காலம் ஒரு நெசவாளி வருவார். ஒட்டிய கன்னம், வியர்த்த நெற்றி. பெஞ்சில் உட்கார்ந்தாலும் கால்கள் ஓயாது; தறியில் மிதிகட்டையை மிதிப்பதுபோல மாறி மாறித் தரையை அழுத்திக்கொண்டே இருப்பார்.

வயிற்று ஆபரேஷனின்போது வலிக்குப் போட்ட பெத்தடின் ஊசியை, வலி போன பிறகும் அவரால் விட முடியவில்லை. டாக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடைசியில், அவரிடம் சொல்லாமல் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் போடச் சொன்னார். போட்டேன். குளிர் காய்ச்சல் வந்தவரைப்போல் நடுங்கிக்கொண்டு மறுநாளும் வந்து கையை நீட்டினார்.

பத்தாம் நாள் எனக்கு மனம் கேட்கவில்லை.

"இதுல மருந்து இல்லீங்க."

"தெரியும்பா. மொத நாளே தெரிஞ்சிபோச்சு."

"அப்புறம் ஏன் வர்றீங்க?"

"கோர்வைச் சேலை நெய்ய ரெண்டு பேரு வேணும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கத்துக் கரைக்கு இன்னோர் ஆளு. என் கை நடுங்கறதப் பாத்துட்டு ஒருத்தரும் கூட உக்கார மாட்டேங்கறாங்க. நீதான் அஞ்சு நிமிஷம் கையப் புடிச்சிக்கினு உக்கார்ற. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாப்பா. நெய்யத் தெரியலன்னா பரவால்ல, சும்மா உக்காந்திரு."

வருகிறேன் என்றேன். போகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவரும் வரவில்லை.

மீண்டாரா, வேறெங்காவது ஊசி தேடிப் போனாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வீடு எங்கள் கிளினிக்கிலிருந்து மூன்றாவது தெருவில்தான் இருந்தது.