காயாத சுவர்

புயல் போய்ச் சில கிழமைகள் ஆகியும் எங்கள் ஒழுங்கையில் மெத்தைகள் மதில்களின் மேல்தான் கிடந்தன. வெயில் வந்தால் புரட்டிப் போடுவோம், வானம் இருண்டால் இறக்கி வைப்போம். கொட்டாஞ்சேனையில் மேட்டில் இருப்பவர்களுக்குக் காற்று மட்டும்தான். நாங்கள் பள்ளத்தில் இருப்பவர்கள். வடிகான் பொங்கி, முழங்காலுக்கு மேல் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. வடிந்தபோது மணத்தை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பயப்படுவதற்குப் படிப்புத் தேவையில்லை என்பதால் அதை மட்டும் குறையில்லாமல் செய்து வருகிறேன். வயர் நனைந்திருக்குமோ, அலுமாரிக்கு அடியில் பாம்பு கிடக்குமோ, காய்ச்சல் வருமோ என்று ஒவ்வொன்றாகப் பயந்தேன். ஆனால் உண்மையில் என்னைத் தின்றது வேறு ஒன்று. மகளும் பிள்ளையும் வீட்டுக்கு வர வேண்டும்.

புயலுக்குச் சில நாட்கள் பிந்தித்தான் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. எங்கள் ஆட்களுக்குள் முதல் பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்குத்தான் வருவாள். முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழியும் வரை தாய்தான் மிளகும் மல்லியும் உள்ளியும் அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பாள். மகளை ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோது எங்கள் வீட்டில் இன்னும் சேறு கிடந்தது. அதனால் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கும் புருஷன் வீட்டுக்கே போனாள். "வீடு காயட்டும், வாறன் அம்மா" என்றாள்.

வீடு காய்வதாக இல்லை. தரையைக் கழுவினேன், குளோரின் போட்டேன், திரும்பவும் கழுவினேன். இடுப்பு விட்டுப் போனது. என் கணவருக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் யார்டில் வேலை. அங்கேயும் பகல் முழுக்கச் சேறு அள்ளிவிட்டு, பின்னேரம் வந்து இங்கேயும் அள்ளுவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கே அவருக்கு நேரம் எடுத்தது.

பிள்ளைப்பேற்று அறைக்குச் சாம்பிராணிப் புகை போடுவது வழக்கம். அதற்குத் தணல் போடும் சட்டியையே அறையின் நடுவில் வைத்துச் சுவரைக் காய வைக்கலாம் என்று எனக்குப் பட்டது. காலையும் மாலையும் தணல் போட்டேன்.

"உன்ர புகைக்குச் சுவர் காயுதோ இல்லையோ, நாங்கள் கருவாடாய்ப் போயிடுவம்" என்றார் அவர் இருமிக்கொண்டு.

சில நாட்களில் சுவர் தொட்டால் சூடாக, காய்ந்த மாதிரி இருந்தது. பெயின்ட் வாங்கி வரச் சொன்னேன். லோன்றியில் துணி தோய்க்கும் எதிர்வீட்டுக்காரி, அட்டன் மலைப் பக்கத்துப் பிள்ளை, வாசலில் நின்று பார்த்தாள்.

"அக்கா, செவரு உள்ளுக்கு இன்னும் தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இப்ப அடிக்காதீங்க."

"தொட்டுப் பாருமன், காய்ஞ்சிருக்கு."

"மேலுக்குக் காஞ்சிருக்கு. என்னமோ செய்யுங்க, நாஞ் சொன்னா எங்க கேக்கப் போறீங்க."

கேட்கவில்லை. நாள் எண்ணிக்கொண்டு இருந்தவளுக்கு யார் சொல்லும் ஏறாது. அடித்து முடித்து ஒரு கிழமை ஆகவில்லை, ஒரு பக்கச் சுவர் பொரித்த அப்பளம் போலப் பொங்கியது. விரலால் அமத்தினால் தண்ணீர் கசிந்தது. அலுமாரியை இழுத்து அதற்கு முன்னால் விட்டேன்.

புதன்கிழமை மகள் வீடியோவில் வந்தாள்.

"அம்மா, அறையைக் காட்டுங்கோ பாப்பம்."

யன்னல் பக்கத்தைக் காட்டினேன்.

"வடிவாய் இருக்கு. மணம் கிணம் இருக்கோ?"

"சாம்பிராணி மணம்தான்."

"அப்ப வெள்ளிக்கிழமை வாறம்."

போனை வைத்ததும் கணவர், "ஏன் பொய் சொன்னனி?" என்றார்.

"சாம்பிராணி மணக்குதுதானே?"

"மணக்குது. அதுக்குப் பின்னால என்ன மணக்குதெண்டு அவள் கேக்கேல்லை."

பிள்ளைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்திருந்தேன். வியாழன் காலை அந்தத் துணிகளை மடித்து அறைக் கட்டிலில் அடுக்கினேன். பின்னேரம் போய் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பிழிந்து வைத்ததுபோல் குளிர்ந்திருந்தது. பூஞ்சண மணம். இந்தத் துணியிலா ஒரு பச்சைப் பிள்ளை மூச்சு விட வேண்டும் என்று நினைத்தேன். போனை எடுத்தேன்.

"நாளைக்கு வராதை பிள்ளை. சுவர் காயேல்லை. நான் உனக்குக் காட்டினது நல்ல பக்கத்தை."

"தெரியும் அம்மா. ஓரத்தில அலுமாரி இடம் மாறி நிண்டது" என்றாள்.

"அப்ப ஏன் வாறனெண்டு சொன்னனி?"

"நீங்கள் ஆசைப்பட்டியள். வந்து ஒரு பகல் இருந்துட்டு ஓடுவமெண்டு நினைச்சனான். நீங்கள் இஞ்ச வாங்கோவன் அம்மா. வந்து சமைச்சுத் தாங்கோ."

அதுதான் என்னால் முடியாதது. சம்பந்தி வீட்டுக்குப் போனால் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், ஒரு நேரம் சாப்பிடலாம். சேலையைச் செருகிக்கொண்டு அவர்களின் அடுப்பில் நின்று மகளுக்குப் பேற்றுச் சமையல் செய்வதென்றால், பெற்ற வீட்டில் வசதியில்லை என்று நானே சொல்லிக் காட்டுவது போல. கணவரிடம் சொன்னேன், ஊர் என்ன கதைக்கும் என்று.

"ஊரோ? ஊரும் வெளியில மெத்தை காயப்போட்டுக்கொண்டுதான் நிக்குது" என்றார். சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை வறுத்துத் திரித்த சரக்குத் தூளைப் போத்தலில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கோட்டையில் இறங்கி மற்ற பஸ் பிடித்து, வெள்ளவத்தையில் மூன்று மாடிப் படியையும் நின்று நின்று ஏறினேன். சம்பந்தியம்மா கதவைத் திறந்தார்.

"என்ன மச்சாள், பில்லுக் குடுக்க வந்தவ மாதிரி வாசலில நிக்கிறியள்? உள்ள வாங்கோ. உங்கட பிள்ளை என்ர சரக்குக் கறியை மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுறாள். நான் ஒண்டும் சொல்லேல்லை."

உள்ளேயிருந்து மகள், "மாமி, நான் எப்ப பொத்தினனான்?" என்று கத்தினாள். பிள்ளை எழும்பி அழுதது. போய்த் தூக்கினேன். உடம்பு காய்ந்து, சூடாக, பவுடர் மணத்தோடு இருந்தது.

பிறகு குசினிக்குப் போனேன். அடுப்பைப் பற்றவைத்தேன், அவர்கள் வாங்கி வைத்திருந்த மீனைக் கழுவினேன், தூளைக் கரைத்தேன். அடுத்தவர் வீட்டில் டப்பாக்களைத் திறந்து தேடக் கூச்சமாக இருந்தது. கறி கொதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் வாயைத் திறந்தேன்.

"மச்சாள், உப்பு எங்க வைச்சிருக்கிறியள்?"