வராத பக்கத்துக்கு ‘வந்தாச்சு’

சங்கரன்கோவிலில் யாரையாவது போனில் கூப்பிட்டு, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “இந்தா வந்துட்டேன்” என்பார்கள். வந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டு மோட்டார் பழுதானபோது அதைப் பார்க்கிறவர் என்னிடம், “வந்துட்டேன் தங்கச்சி, பனவடலிசத்திரம் தாண்டிட்டேன்” என்றார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. பனவடலிசத்திரம் ரோட்டில் எந்தக் குக்கர் விசில் அடிக்கிறது என்று கேட்டேன். “டீக்கடைம்மா” என்றார், வாய் கூசாமல். அன்று சாயங்காலம் வரை பக்கத்து வீட்டில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கினேன்.

எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் ஊருக்குத் திரும்பியவள் நான். வந்த நாள் முதல் இந்த ஊரைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அதே பொய்யை ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது.

என் வேலை கெர்னலில். கணினியில் மற்ற எல்லா மென்பொருளுக்கும் அடியில் கிடந்து, யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில், யார் பிறகு என்று பார்த்துக்கொள்கிற நிரல் அது. அதில் ஒரு சின்ன மூலை என்னுடையது. மெமரியை அங்கே பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இடம் போதாதபோது, இப்போதைக்குத் தேவைப்படாது என்று தோன்றுகிற பக்கங்களைக் கெர்னல் தூக்கி டிஸ்க்கில் போட்டுவிடும். பிறகு கணினியில் செருகியிருக்கிற ஏதோ ஒரு கார்டு அந்தப் பக்கத்தைக் கேட்கும். பக்கம் அங்கே இருக்காது. இதற்குப் பெயர் பேஜ் ஃபால்ட். ஃபால்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர அதில் யார் தப்பும் கிடையாது. கார்டு காத்திருக்கும். கெர்னல் டிஸ்க்கிலிருந்து பக்கத்தை எடுத்து வந்து வைத்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய பதில் மூன்றுதான். வந்தாச்சு. அப்படி ஓர் இடமே இல்லை. என்னால் முடியவில்லை.

மூன்றாவது பதிலை எழுத எங்கள் தொழிலில் யாருக்கும் பிடிக்காது. எங்கள் ஊரிலும் யாருக்கும் பிடிக்காது.

எங்கள் கம்பெனி செய்கிற கார்டு, துணி பார்க்கிற ஒரு மெஷினுக்குள் இருக்கிறது. தறியிலிருந்து இறங்கிய துணி ஒரு உருளைமேல் ஓடும், மேலே கேமரா. படம் மெமரிக்குப் போகும், அதை கார்டு படித்து எங்காவது நூல் விட்டிருக்கிறதா என்று பார்க்கும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, குறை இருந்தால் சிவப்பு. ஓட்டிப் பார்க்க ஒரு தறிப்பட்டறை வேண்டும் என்று கம்பெனியில் பேச்சு வந்தபோது, எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்று முந்திரிக்கொட்டை மாதிரி சொன்னது நான். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணாச்சியின் பட்டறை. இருபது விசைத்தறி. அங்கே துணியைச் சோதித்து மடிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். எங்கள் தெருக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள்.

அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ‘இந்தா வந்துட்டேன்’ சொல்லாத ஒரே ஆள் அவள்தான். எப்போது வருவாய் என்று கேட்டால், “உலை வச்சிருக்கேன் பிள்ள, அரை மணிக்கூர் ஆவும்” என்பாள். அரை மணியில் வந்து நிற்பாள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுவாள். அதனாலேயே தெருவில் அவளுக்குத் திமிர்பிடித்தவள் என்று பெயர்.

மெஷின் வந்த முதல் வாரம் மானம் போயிற்று. காலையில் ஒழுங்காக ஓடும். மத்தியானம் ஆனால் நின்றுவிடும். “தங்கச்சி, ஓம் மிஷின் படுத்துக்கிட்டு” என்று அண்ணாச்சி தினமும் போன் செய்வார். காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சி அந்த மெஷினின் கணினியிலேயே பழைய சினிமாப் படம் போட்டுப் பார்ப்பார். படத்துக்கு இடம் கொடுக்க, கெர்னல் கேமராவின் பக்கங்களைத் தூக்கி டிஸ்க்கில் போடும். டிஸ்க்கோ ஓட்டை உடைசல், மெதுவாகத்தான் திருப்பித் தரும். கார்டு பக்கத்தைக் கேட்டுக் காத்திருந்து, பொறுமை தீர்ந்து நின்றுபோகும்.

பெங்களூரில் இருக்கிற என் டீம் லீடருக்கு வேறு அவசரம். வெள்ளிக்கிழமை யாரிடமோ வீடியோ காட்ட வேண்டுமாம். மெஷின் நிற்கக் கூடாது, எப்படியாவது ஓட வை என்றார். நானும் ஓட வைத்தேன். பக்கம் வரத் தாமதமானால், சுத்தமாக ஒன்றுமே எழுதாத ஒரு வெற்றுப் பக்கத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு, கார்டிடம் ‘வந்தாச்சு’ என்று சொல்லிவிட வேண்டியது. உண்மையான பக்கம் பின்னாலேயே வரும். பின்னாலேயே என்றால், கார்டு படித்து முடித்து அடுத்த பக்கத்துக்குப் போன பிறகு.

எழுதும்போது எனக்கு ஓர் உறுத்தலும் இல்லை. அதுதான் இதில் அசிங்கமே. வேறு ஊரில் பிறந்த ஒருத்தி இந்த வரியை எழுதியிருந்தால் கை கொஞ்சம் நின்றிருக்கும். எனக்கு அது பொய்யாகவே படவில்லை. கிளம்பிவிட்ட பக்கம்தானே, வந்த மாதிரிதானே என்று இருந்தது. மோட்டார் பார்க்கிறவரைத் திட்டிய அதே வாயோடு உட்கார்ந்து அதை எழுதினேன். அதற்குப் பிறகு மெஷின் நிற்கவே இல்லை. லீடர் எனக்குக் கைதட்டுகிற பொம்மைப் படம் ஒன்று அனுப்பினார். நானும் பல்லைக் காட்டுகிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஏ பிள்ள, ஓம் மிஷின் மத்தியானம் ஆனா கண்ண மூடிக்கிடுது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அக்கா, அதுக்குக் கண்ணு கெடையாது. கேமராதான்.”

“என்ன எளவோ. காலைல நல்லாத்தான் பாக்குது. சாப்பாட்டுக்குப் பொறவு கண்ண மூடிக்கிட்டுப் பச்சையப் போடுது. நான் கைய வச்சி சொல்லுதேன், ஊடை விட்டிருக்கு அண்ணாச்சின்னு. மிஷினு பச்சை போட்டிருக்கு, ஒனக்கு என்னட்டி தெரியும்னு கேக்காரு.”

குறுக்கே ஓடுகிற நூலைத்தான் ஊடை என்பார்கள். அது விட்டுப்போன துணி கட்டுக்கட்டாக வியாபாரியிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது. மெஷின் தப்புச் செய்யாது, மடிக்கும்போது நீதான் இழுத்துக் கெடுத்திருக்கிறாய் என்று அண்ணாச்சி அவள்மேல் போட்டுவிட்டார். சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

“வேல போறது கெடக்கட்டும். பதினாறு வருசமா கெடுக்காத துணியவா இப்பம் கெடுத்துட்டேன்?” என்றாள்.

மத்தியானம், பச்சை, கண்ணை மூடிக்கொள்கிறது. அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா? “நான் பாத்துக்கிடுதேன்க்கா. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிருதேன். ஆச்சுன்னு வச்சிக்கிடுங்க.”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மத்தியானம் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி படம் போட்டார். கேமரா எடுத்த படத்தைப் பார்க்காமல், கார்டு படித்தது எது என்று தனியே எடுத்துப் பார்த்தேன். கறுப்பு. கரிச்சட்டியின் அடி மாதிரி கறுப்பு. ஒன்றுமே எழுதாத என் வெற்றுப் பக்கம் படமாகத் தெரிந்தால் அப்படித்தான் இருக்கும். வெற்றுப் பக்கத்தில் நூலே இல்லை, நூலே இல்லாத இடத்தில் எந்த நூல் விட்டுப்போகும்? குறை இல்லை என்று கார்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேலே பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. அதற்குக் கீழே அக்கா தலையைக் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அங்கிருந்தே லீடரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், இப்போது மெஷின் நின்றால் வாங்க இருப்பவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். துணி திரும்பி வந்த புகாரை மட்டும் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்து மூடிவிடுங்கள் என்றார். தீரவில்லையே என்றேன். தீர்ந்த மாதிரிதானே, எங்கே என்று கண்டுபிடித்தாயிற்றே என்றார். அவருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்தச் சீக்கு எங்கள் ஊரோடு நிற்பது இல்லை போலிருக்கிறது.

அப்போதே அந்த வரியை அழித்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. நான் செய்யவில்லை. லீடர் மனம் மாறுவார் என்று சனிக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் இருந்தேன். பயம்தான், வேறென்ன. அக்கா சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையிலிருந்து என் வாசல் வழியாகத்தான் போனாள். ஜன்னலில் இருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் என்மேல் எனக்கே நாற்றம் அடிக்கிற மாதிரி இருந்தது. வரியை அழித்தேன். அந்த இடத்தில் மூன்றாவது பதிலை எழுதினேன்: நேரத்துக்குள் பக்கம் வராவிட்டால், முடியவில்லை என்று சொல்லி நிற்க வேண்டியது. கம்பெனியில் யாரிடமும் கேட்கவில்லை. பட்டறைக்குப் போய் மெஷினில் ஏற்றினேன்.

சோதனை மேஜைக்கு அடியில் அக்கா ஒரு கட்டுத் துணியை ஒதுக்கி வைத்திருந்தாள். எல்லாம் மத்தியானத்தில் பச்சை வாங்கியவை. அவள் கை குறை கண்ட இடத்தில் எல்லாம் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சு. காலை நேரம், படம் ஓடவில்லை, மெமரியில் இடம் தாராளமாகக் கிடந்தது. அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ஒவ்வொரு முடிச்சிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவரையே படம் போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மெஷின் நின்று, ‘பார்க்க முடியவில்லை’ என்று திரையில் காட்டியது.

“அப்பம் எம்மேல தப்பு ஒண்ணும் இல்லல்லா?” என்றார் அண்ணாச்சி. வந்த முதல் கேள்வி அது.

“தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. நான்தான் அத பொய் சொல்ல வச்சேன். ஆனா அக்கா சொன்னப்ப நீங்க துணியத் தொட்டுப் பாத்திருக்கலாம்லா?”

“நீ படிச்ச பிள்ள. நீ கொண்டாந்த மிஷினு. நான் எதுக்குத் தொட்டுப் பாக்கப் போறேன்?” என்றார்.

மனிதர் அதற்குமேல் அடம்பிடிக்கவில்லை. உடனே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். தறிச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏட்டி, நடந்தது நடந்து போச்சி. மிஷினுதான் கோளாறாம். ஒம்மேல தப்பில்ல. கெளம்பி வா. எங்கன நிக்க?”

அந்தப் பக்கம் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே கண்டக்டரின் குரல், “கடையநல்லூர், கடையநல்லூர், ஏறு ஏறு” என்று. கடையநல்லூரிலும் தறி உண்டு.

“இந்தா வந்துட்டேன் அண்ணாச்சி” என்றாள் அக்கா.

அண்ணாச்சிக்கு முகம் தெளிந்துவிட்டது. மேஜையைத் துடைக்கச் சொல்லி ஆளை ஏவினார். அவளுடைய முக்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் அதற்கு முன் ஒரு தடவைகூடக் கேட்டது இல்லை.

மத்தியானம் ஆனது. தறிகள் சாப்பாட்டுக்கு நின்று மறுபடி ஓடத் தொடங்கின. அண்ணாச்சி வழக்கமான மத்தியானப் படத்தைப் போடவில்லை. வாசலைப் பார்த்தபடியே, “வந்துட்டாளாம்” என்று என்னிடம் இரண்டாவது தடவை சொன்னார்.