அந்த நடைக்குப் பின்னால்

பட்டுச்சேலைக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு என் நாத்தனார் கப்பலின் மேல்தளத்தில் நின்ற கோலம் இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. சிங்கப்பூரில் நாங்கள் ஏறிய அன்று, புறப்படும் முன்பே எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வாரை எங்கே செருகுவது என்று தெரியாமல் நான் ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். அவள் தன்னுடையதை மாட்டி முடித்து என்னிடம் வந்தாள். "கையத் தூக்குங்க மதினி" என்றாள். தூக்கினேன். அந்த நாட்களில் யார் என்ன சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன்.

அது எனக்கும் என் கணவருக்கும் என்று ஏற்பாடான பயணம். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்தவருக்குக் கடல்மேல் தீராத ஆசை. "நாலு பக்கமும் தண்ணியா இருக்கணும், கரையே தெரியக் கூடாது. அப்படி ஒரு நா நிக்கணும்" என்பார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், இத்தாலி வரை போகிற கப்பலில் இடம் பிடித்தான். புறப்படச் சில மாதங்கள் இருக்கும்போது, தோட்டத்திலிருந்து ஜீப்பில் இறங்கி வருகிற வழியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். போடிக்கு வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காதீங்கம்மா, அத்தையக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றான் மகன். அவர் பெயர் இருந்த இடத்தில் அவருடைய தங்கையின் பெயர் வந்தது. நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு காரணம் வேண்டுமே, அது என்னிடம் இல்லை.

நாத்தனார் கல்யாணமான சில மாதங்களிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். ஏலக்காய் உலர்த்துவது, தரம் பிரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கப்பலிலும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. காலையில் வெள்ளைக்காரக் கிழவிகளோடு சேர்ந்து தளத்தைச் சுற்றி நடப்பாள். சாப்பாட்டுக்கூடத்தில் விறைத்துக் கிடக்கும் சோற்றில் இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து எனக்கு ஒரு தட்டு வைப்பாள். அறையைச் சுத்தம் செய்ய வருகிற பையன் துண்டை யானையாக மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போவான். "ஏற்கெனவே நம்ம தேவாரம் ஊர்ல யானை தோப்புக்குள்ள எறங்குது, இவனும் அங்க வந்தான்னா ஒரு தென்னம்பிள்ளையாவது மிஞ்சுமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. மணியைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்லி அவ்வப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். என் கைக்கடிகாரத்தை நான் தொடவே இல்லை. பினாங்கைத் தாண்டிய மறுநாள் காலையில் எந்தப் பக்கமும் கரை இல்லை. அவள் என்னைத் தளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், "அண்ணே கேட்டது இதுதான் மதினி" என்றாள். பார்த்தேன். நிறையத் தண்ணீர் இருந்தது. காற்று அதிகமாக இருக்கிறது, உள்ளே போகலாம் என்று சொன்னேன்.

கொழும்பில் இறங்கினோம், ஏறினோம். கொச்சியில் நான் இறங்கவில்லை. அங்கிருந்து ஒரு வண்டி பிடித்தால் மூணாறு வழியாக மலையேறிப் பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கே போய்விடலாம். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது எனக்கே தெரிந்தது. போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. அவள் மட்டும் போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தாள்.

அடுத்தது மஸ்கட். துறைமுகத்துப் பேருந்து எங்களைக் கடலோரச் சாலையில் இறக்கிவிட்டது. எதிரே பழைய கடைவீதி. "நீங்க நெழல்ல உக்காருங்க, ஒரு சுத்து சுத்திட்டு வெரசா வந்துர்றேன்" என்று போனவள் வரவில்லை. எங்கள் கப்பலில் வந்தவர்கள் பை பையாகத் தூக்கிக்கொண்டு பேருந்துக்குத் திரும்பத் தொடங்கினார்கள். உடன் வந்த ஒரு பெண்மணி தன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, ஏறு என்று எனக்குச் சைகை செய்தாள். எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தேன்.

கடைவீதிக்குள் சாம்பிராணிப் புகை. வாசனைப் பொருள் விற்றவர் மலையாளி. தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய மலையாளத்தில், சேலை கட்டிய ஒரு அம்மாள் இந்த வழியாகப் போனாளா என்று கேட்டேன். "ஆ, ஒரு சேச்சி மேலேக்கு போயல்லோ" என்று பின்பக்கம் மேலே ஏறுகிற ஒரு குறுகிய சந்து இருப்பதைக் காட்டினார். கல்படிகள் ஏறின. வெயிலில் ஆளரவமே இல்லை. காணாமல் போயிருப்பாளோ என்ற எண்ணம் வந்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியேறினேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஏற்பட்ட முதல் உணர்வு அந்தப் பயம்தான்.

ஒரு நீலக் கதவுக்கு எதிர்ப்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல் கெளம்பப் போகுது. இங்க என்ன பண்ற?"

"அண்ணே மாதிரியே நடந்தான் மதினி."

என் கணவர் சின்ன வயதில் தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டவர். அதன்பின் இடது காலைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வீசித்தான் வைப்பார். வலது கை எப்போதும் பின் இடுப்பில் இருக்கும்.

"மூஞ்சியப் பாத்தியா?"

"பாத்தேன். தாடி வச்ச எவனோ ஒரு சின்ன வயசுக்காரன். அண்ணே இல்லேன்னு எனக்குத் தெரியாதா, நான் என்ன கிறுக்கியா? ஆனா பின்னாடியே வந்தா மூஞ்சி தெரியாதுல்ல. நடை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. விட மனசு வரல மதினி."

அதைச் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். எழவு வீட்டில் அவள் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அடுப்படியில் நின்று அத்தனை பேருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னையும் ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். "இந்த வீட்டுக்குள்ளதான் போனானா?"

"ஆமா."

"திரும்ப வெளிய வருவானா?"

"மதினி, நேரமாச்சு."

"கொஞ்ச நேரம் பாப்போம்."

கதவு திறக்கவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கீழே துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊதியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள். "எந்திரிங்க மதினி. எந்திரிங்கங்கறேன்ல." படிகளில் என்னை இழுத்துக்கொண்டே இறங்கினாள். கடைசிப் பேருந்து எங்களுக்காகவே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் கப்பலில் ஏறியதும் அதன் படிக்கட்டை உள்ளே இழுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பார்த்த ஊர்களைப் பற்றி இங்கே யாராவது கேட்டால் பெயர்களை மட்டும் சொல்கிறேன். எகிப்து, கிரேக்கம், இத்தாலி. எல்லா இடத்திலும் சேர்ந்தே இறங்கினோம். அவள் எங்கேயும் யாருக்குப் பின்னாலும் போகவில்லை.

இப்போது அவர் இடத்தில் அவள்தான் காலையில் ஜீப்பேறித் தோட்டத்துக்குப் போய்வருகிறாள். எனக்குப் பெரிதாக மாற்றம் எதுவும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போன வாரம் இரண்டு பேருமாகப் போடி பஸ் ஸ்டாண்டு வழியாக வந்துகொண்டிருந்தோம். ஏதோ பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்த பக்கமே நானும் பார்த்தேன். சிலமலை பஸ்சைப் பிடிக்கக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, வாங்க மதினி" என்றாள்.

"இரு, அந்த பஸ்சு போகட்டும்" என்றேன்.