அவள் 'ங்க' போடாத ஞாயிற்றுக்கிழமை

இரண்டு வருடம் முன்பு, மழைக்காலம் தொடங்கும் சமயம். பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கு ஒன்பது வயதுப் பெண் குழந்தை வந்திருந்தாள். தத்து இல்லை, காப்பகத்துக் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாடு. மூன்று மாதம் கழித்து அதிகாரி வந்து, இங்கே இருக்கிறாயா, திரும்பிப் போகிறாயா என்று அவளையே கேட்பார்.

எங்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவோம்தான். அதற்காக இப்படியா! தண்ணீர் குடிக்கக்கூட, "குடிச்சுக்கட்டுங்களா?" என்பாள். வீட்டுப் பூனையிடம், "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்பாள். சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். ஒருநாள், "நான் அங்கயே போயிக்கறனுங்க" என்று சொல்லியும் விட்டாள். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே வயது. பட்டாம்பூச்சிப் பைத்தியம். கறிவேப்பிலைச் செடியில் புழுவைக் காட்டி இவளை எப்படியோ வளைத்துப் போட்டாள். இரண்டுக்கும் புழுவுக்குப் பேர் வைப்பதில் தினமும் சண்டை. அவளிடம் மட்டும் 'ங்க' கிடையாது! எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒரு ஞாயிறு காலை இருவரையும் மலையடிவார ஓடைக்குக் கூட்டிப்போனேன். கரையோர மணலில் கருநீலமாக என்னவோ கிடந்தது. யாரோ விட்டுப்போன சேலை என்று நினைத்து, வழக்கம்போல லொடலொடவென்று பேசிக்கொண்டே காலை எடுத்து வைத்தேன்.

"ஏய், நில்லு! மிதிச்சுப்போடாத! கண்ணு தெரியலயா?"

எங்கள் வீட்டுப் பெண்ணின் குரல். யாரைச் சொல்கிறாள்? என்னைத்தான்! அப்படியே நின்றேன். சேலை அசைந்தது. அத்தனையும் பட்டாம்பூச்சிகள்! ஆயிரமா, பத்தாயிரமா, யார் கண்டது? மொத்தமாக எழும்பி எங்களைச் சுற்றிக்கொண்டன. என் தலையில், தோளில், அவள் மூக்கில்கூட வந்து உட்கார்ந்தன. இறக்கைச் சத்தம் கேட்டது, சாமி சத்தியமாகக் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அவள் முகம்தான் சட்டென்று வெளுத்தது. "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க. என்னைய அனுப்பிச்சுருவீங்களா?"

"அடி கண்ணு, இன்னொருக்கா திட்டு" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ரெண்டு பேரும் சும்மா இருங்க, பறந்துரும்!" என்று எதிர்வீட்டுப் பெண் எங்களை அதட்டினாள்.

அதிகாரி வந்தார், கேட்டார். "இங்கயே இருந்துக்கறனுங்க" என்று அவரிடம் சொன்னவள், என் பக்கம் திரும்பி, "பசிக்குது, தோசை ஊத்து" என்றாள்.

வேறு யாராவது மரியாதை இல்லாமல் பேசினால் இன்றைக்கும் நான் சண்டைக்குப் போவேன். அவள் பேசினால் மட்டும், இந்த வீடு அவளுடையது என்று எழுதிக் கொடுத்த மாதிரி மனசு நிறைந்துவிடுகிறது.